கல்லில் ஒரு வருஷம், களஞ்சியத்தில் ஒரு வருஷம்

சென்ற விடுமுறைக்கு இராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த என் அக்கா மகனை, இங்கே அந்தமானில் உள்ள செல்லுலார் சிறைக்கு அழைத்துப் போயிருந்தேன். முற்றத்து நிழலில் நின்றபடி கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவன், திடீரென்று, "மாமா, சிப்பாய்க் கலகத்துல பிடிபட்டவங்கள எல்லாம் இந்த ரூம்லதான் அடைச்சு வெச்சிருந்தாங்களாம்!" என்று உரக்கச் சொன்னான். எங்கே படித்தாய் என்று வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு சுற்றுலாத் தளம். அடியில் ஆதாரம் என்று ஒரு வரி. அந்த வரியை அழுத்தினால், அதே வாக்கியத்தை அப்படியே தாங்கிய வேறொரு சுற்றுலாத் தளம்.

நண்பர்களே, இதைச் சிறு பிழை என்று தள்ளிவிட என் மனம் இடம் தரவில்லை.

செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896-ல், முடித்தது 1906-ல். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் 200 பேரை ஏற்றிக்கொண்டு டாக்டர் ஜே. பி. வாக்கர் இங்கே வந்திறங்கியதோ 1858 மார்ச் 10-ல். பெரும் பண்டிதராகிய ஃபஸ்லுல் ஹக் கைராபாதி இத்தீவுகளிலேயே 1861-ல் உயிர் நீத்தபோதும், வைஸ்ராய் மேயோ பிரபுவை 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி ஹோப் டவுன் படகுத்துறையில் குத்திக் கொன்ற ஷேர் அலி அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டபோதும், இன்று யாத்ரீகர்கள் வரிசையில் நின்று பார்க்கும் அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரமே தோண்டப்படவில்லை. அந்த முதல் தலைமுறைக் கைதிகள் கூரையும் சுவரும் இல்லாத காட்டில், காலில் விலங்கோடு மரம் வெட்டி, சதுப்பு நிலத்தைத் திருத்தி, காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அவர்களைத் தூக்கிக் கொண்டுபோய், பிற்காலத்தில் எழுந்த ஒரு கட்டடத்துக்குள் வைத்துவிட்டால், அவர்கள் உண்மையில் பட்ட துன்பத்தைச் சொல்லவே ஆளில்லாமல் போய்விடுகிறது. எனக்கு வந்த கோபத்தின் காரணம் இதுதான்.

(அறைகளின் எண்ணிக்கை என்ன என்று தேடிப் பாருங்கள். 693 என்பார்கள், 696 என்பார்கள், 698 என்றும் எழுதியிருப்பார்கள். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு திசைகளில் நீண்ட கட்டடங்களில் இன்று நிற்பவை மூன்றே. இடிக்கப்பட்டவற்றின் இடத்தில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது. ஆகையால் நேரில் போய் எண்ணிப் பார்த்தும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பழைய கட்டட வரைபடங்களையும் சிறை நிர்வாக அறிக்கைகளையும் எடுத்து ஒப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும்.)

அக்கா மகன் படித்தது விக்கிப்பீடியாவில் அல்ல. ஆனாலும் அன்று இரவு முழுவதும் என் சிந்தனை விக்கிப்பீடியாவைச் சுற்றியே ஓடியது. இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் அங்கிருந்து எடுக்கின்றன. சில வேளைகளில் அங்கே போய்ச் சேரவும் சேர்கின்றன. நானும் பல வருஷங்களாக அதில் தொகுத்து வருகிறவன் என்பதால், இந்தப் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கோவாவில் பிச்சோலிம் என்று ஓர் ஊர். 2007 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிம் யுத்தம்' என்ற தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரை தோன்றியது. 1640-41-ல் போர்த்துகீசியருக்கும் மராட்டிய சாம்ராஜ்யத்துக்கும் நடந்த போர் என்று, காரணங்கள், படையெடுப்புகள், சமாதான உடன்படிக்கை, பின்விளைவுகள் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நூற்பெயரும் பக்க எண்ணும் கொண்ட அடிக்குறிப்புகளோடு, நிதானமான வரலாற்று நடையில் அது எழுதப்பட்டிருந்தது. இரண்டே மாதத்தில் அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற அங்கீகாரமும் கிடைத்தது. ஐந்து வருஷங்களுக்கு மேல் அந்த அங்கீகாரத்தோடு வீற்றிருந்த பிறகு, 2012 டிசம்பர் இறுதியில், ஒரு தொகுப்பாளர் அந்த அடிக்குறிப்பு நூல்களைத் தேடத் தொடங்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படி நூல்களே இல்லை. போரும் நடக்கவில்லை.

இந்த விருத்தாந்தத்தில் என்னை உறுத்துவது புனைந்தவனின் சாமர்த்தியம் அல்ல. 1640-ல் மராட்டிய சாம்ராஜ்யம் எங்கே இருந்தது? சிவாஜி பிறந்தது 1630-ல். முடி சூடியது 1674-ல். அந்தக் கட்டுரை சொல்லும் போர் நடந்த காலத்தில் அவர் பத்து வயதுப் பாலகர். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தை நினைவில் வைத்திருக்கும் எவரும் முதல் பத்தியிலேயே நின்று, "இதெப்படி?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்றால், அடிக்குறிப்பு எண்கள் வரிசையாக நிற்பதைக் கண்டவுடன், வேறு எவரோ சரிபார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த எண் ஒரு கதவுதான். திறந்து உள்ளே போனால்தான் அங்கே வீடு இருக்கிறதா, வெறும் வெளி இருக்கிறதா என்று தெரியும்.

பொய்யை வேண்டுமென்றே எழுதுகிறவர்கள் இந்த மனோபாவத்தை நன்றாக அறிந்திருக்கிறார்கள். சீன மொழி விக்கிப்பீடியாவில் ஒரு பெண்மணி, மத்தியகால ருஷ்யாவைப் பற்றி, காஷின் என்னும் இடத்து வெள்ளிச் சுரங்கம் ஒன்றை மையமாக வைத்து, ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்படியாக இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பல வருஷங்களாகப் படைத்து வந்தார். 2022-ல் ஒரு நாவலாசிரியர் கதைக்குப் பொருள் தேடப் போய், ருஷ்ய மொழி அறிந்தவர்களிடம் விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முதலில் புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பியதாகவும், பிறகு முந்தியதைக் காப்பாற்ற மேலும் மேலும் எழுத நேர்ந்ததாகவும் அவர் தம் மன்னிப்புக் கடிதத்தில் சொன்னார். ருஷ்ய மொழியில் உள்ள ஆதாரத்தைச் சீன வாசகர் எத்தனை பேர் திறந்து பார்ப்பார்கள்? அவருக்குப் பாதுகாப்பு அளித்தது அந்தத் தூரம்.

தூரம் என்னும்போது எங்கள் தீவுகளின் கதை வந்துவிடுகிறது.

மார்க்கோ போலோ 1298 வாக்கில் ஜெனோவா நகரச் சிறையில் இருந்துகொண்டு தம் பிரயாணங்களைச் சொல்லச் சொல்ல, உடனிருந்த கைதி எழுதிக்கொண்டார். அந்த நூலில் அந்தமான் வாசிகளுக்கு நாயின் தலை போன்ற தலை உண்டென்றும், அகப்பட்ட அந்நியரைத் தின்றுவிடுவார்கள் என்றும் இருக்கிறது. மாலுமிகள் சொல்லக் கேட்ட கர்ண பரம்பரை அது. ஆனால் ஏட்டில் ஏறிவிட்டதால் அறுநூறு வருஷம் பிழைத்தது. 1890-ல் வெளிவந்த கானன் டாயிலின் 'நால்வர் சின்னம்' கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஷெர்லாக் ஹோம்ஸ் அலமாரியிலிருந்து புதிதாக வெளிவந்துகொண்டிருக்கும் ஒரு கெஜட்டியரை எடுத்து, அதுவே மிகச் சமீபத்திய பிரமாணம் என்ற தோரணையில், அந்தமான் ஆதிவாசிகளைப் பற்றி வாட்ஸனுக்கு வாசித்துக் காட்டுவார். நாலடிக்கும் குறைந்த உயரம், நரமாமிசம், கொடூரம் என்று அதில் வரும். இத்தனைக்கும் இங்கே அதிகாரியாக இருந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களை அளந்து பார்த்த இ. எச். மேன் என்பவர், ஆண்களின் சராசரி உயரம் நாலடி பத்து அங்குலத்துக்குச் சற்று மேல் என்றும், நரமாமிசம் புசிப்பதற்கான அடையாளமே இல்லை என்றும் 1883-லேயே லண்டனில் பிரசுரித்துவிட்டார். சரியான ஆதாரம் அதே ஊரில் அச்சாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. உலகம் நினைவில் வைத்துக்கொண்டதோ ஹோம்ஸ் படித்ததைத்தான். எனக்கு ஹோம்ஸ் கதைகளில் உள்ள பிரியம் குறையவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. எந்த மனிதர்களைப் பற்றி அது எழுதப்பட்டதோ அவர்கள் படித்து மறுக்கக் கூடிய நிலையில் இல்லை என்பது எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் தெரியும் அல்லவா?

இன்றும் அப்படித்தான். வட சென்டினல் தீவின் ஜனத்தொகை 2001 கணக்கெடுப்பில் 39 என்றும் 2011-ல் 15 என்றும் இருக்கிறது. அதைப் படிக்கும் ஒருவர், பத்து வருஷத்தில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டார்களே என்று பதறுவது இயல்பு. அந்த எண்கள் இரண்டும் படகிலிருந்து கரையைப் பார்த்து, கண்ணில் தென்பட்டவர்களை மட்டும் எண்ணியவை. அன்று காட்டுக்குள் இருந்தவர்கள் அதில் இல்லை. எண் பிரசித்தமாகிவிடுகிறது, எண்ணிய விதம் பின்தங்கிவிடுகிறது.

சரி, தீவில் இருப்பவர்கள் ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைக் கேபிள் வந்து இங்கே திறந்து வைக்கப்பட்டது 2020 ஆகஸ்ட் 10-ல்தான். அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாக வந்த சொற்ப இணைப்பில் ஒரு பக்கம் திறக்கவே பொறுமை வேண்டும். தொகுத்துச் சேமிக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்து, எழுதியதெல்லாம் போய்விடும். விக்கிப்பீடியா தொடங்கியது 2001-ல். எங்களைப் பற்றிய கட்டுரைகள் உருவாகி, உலகமெங்கும் நகலெடுக்கப்பட்ட அந்த இருபது வருஷ காலத்தில், இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் வாசகர்களாகக்கூட இருக்க முடியவில்லை.

இணைப்பு வந்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அதே சமயம் அது என்னை வாட்டவும் செய்கிறது. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வு கூடாது. நான் இங்குள்ள ஜங்லிகாட்டில் பிறந்து வளர்ந்தவன், என் தகப்பனார் கப்பலில் வந்த கதை எனக்குத் தெரியும், இந்தத் தெருவில் இன்ன வருஷம் இன்னது இருந்தது என்று என் கண்ணால் கண்டேன் என்றெல்லாம் சொன்னால் செல்லாது. அச்சிட்ட, பிறர் சரிபார்க்கக் கூடிய ஆதாரம் வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் பிச்சோலிம் யுத்தங்கள் நூறு முளைக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் இங்கே அச்சில் இருப்பது மிகக் கொஞ்சம். அதிலும் தமிழில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். 2011 கணக்குப்படி இத்தீவுகளின் ஜனத்தொகை சுமார் 3,80,000. அதில் ஏறக்குறைய ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ். இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியேறியவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் என்று இவர்கள் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது. இத்தீவு ஆதிவாசி மொழிகளில் ஒன்றாகிய அகா-போவைக் கடைசியாகப் பேசிய மூதாட்டி போவா 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரோடு பல காலம் உட்கார்ந்து பதிவு செய்திராவிட்டால், அந்த மொழியில் நாம் இன்று மேற்கோள் காட்ட மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கும். 2011-ல் அச்சல் பிரபாலா என்பவர், வாய்மொழிச் சான்றையும் முறையாகப் பதிவு செய்து மேற்கோளாக ஏற்கலாமா என்று இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு பரிசோதனை நடத்தினார். சாக்ஷியைப் பதிவு செய்வது எளிது, அந்தச் சாக்ஷியின் சொல்லை இன்னொருவர் எப்படிச் சோதிப்பது என்ற இடத்தில் விவாதம் நின்றது. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை.

(அச்சு என்றால் எல்லாம் சரி என்று நினைத்துவிடவும் கூடாது. தென் அமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற பிராணிக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றொரு பெயரும் உண்டு என்று 2008-ல் ஓர் அமெரிக்க மாணவன் விளையாட்டாக விக்கிப்பீடியாவில் சேர்த்தான். பத்திரிகைகள் அதை எடுத்து எழுதின. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலிலும் ஏறியது. பிறகு அவற்றில் ஒன்றையே ஆதாரமாக விக்கிப்பீடியாவில் காட்டினார்கள். வட்டம் பூர்த்தியாகிவிட்டது! ஆகவே, ஆதாரம் என்று காட்டப்படும் நூல் அந்தத் தகவல் விக்கிப்பீடியாவில் ஏறிய தேதிக்கு முந்தியதா பிந்தியதா என்று 'வரலாறு' என்ற பக்கத்தைத் திறந்து பார்ப்பது என் முதல் காரியம்.)

இனி, எல்லாவற்றிலும் கடினமான இடத்துக்கு வருகிறேன். வேறொருவர் நம்மை இழித்து எழுதினால் ஆதாரம் எங்கே என்று உடனே கேட்டுவிடுகிறோம். நம்மைப் புகழ்ந்து எழுதினால்?

2024 செப்டம்பர் 13-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, இத்தீவுகள் சோழர்களின் கடற்படைத் தளமாக விளங்கியவை என்ற செய்தியும் கூடவே பரவியது. தமிழனாகிய எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்? எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. ஆனாலும் களஞ்சியத்தில் தொகுக்கிறவனுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூலம் எது?

மூலம் தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கடல் கடந்து சென்று கொண்ட ஊர்களை வரிசையாகக் கூறுகையில், தேன் சொரியும் சோலைகள் என்ற அடைமொழியோடு மாநக்கவாரத்தையும் சேர்க்கிறது. ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்துப் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அது அச்சாகியிருக்கிறது. எவரும் திறந்து பார்க்கலாம். அதில் உள்ள மாநக்கவாரம் என்பது நிக்கோபார். அந்தமான் அல்ல. கொண்ட இடங்களின் பட்டியலில் ஒன்று. அங்கே கப்பற்படை நிலைகொண்டிருந்தது என்று அந்த வரியில் இல்லை. கீழைக் கடலுக்குப் போகும் கப்பல்கள் இவ்வழியில் நீர் எடுக்கத் தங்கியிருக்கலாம் என்று ஒருவர் ஊகித்தால், அது புத்தியுள்ள ஊகமே. ஊகத்தை ஊகம் என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்வெட்டில் உள்ளதாக எழுதினால் ஆட்சேபிப்பேன். சோழன் என் பாட்டனே ஆனாலும் ஆட்சேபிப்பேன்.

இன்னொரு விசேஷம். இதே கல்வெட்டை இணையத்தில் பல இடங்களில் 'கி.பி. 1050-ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டு' என்று எழுதியிருப்பார்கள். ராஜேந்திரன் இறந்தது 1044-ல். கல்வெட்டோ அவனுடைய 19-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் அரியணைக்கு வந்த 1012-லிருந்து கணக்கிட்டால் 1030-31 ஆகிறது. இந்த 1050 எவரோ வேண்டுமென்று புகுத்திய பொய் அல்ல. கல்வெட்டுகள் முழுதும் பதிப்பிக்கப்படுவதற்கு முன், பழைய ஆங்கிலக் கிரந்தங்களில் 'சுமார் 1050' என்று குத்துமதிப்பாக இட்ட வருஷம், 'சுமார்' உதிர்ந்து, நிச்சயமான தேதியின் வேஷத்தில் நூற்றாண்டைக் கடந்து வந்திருக்கிறது. கோயில் தஞ்சையில் இருக்கிறது, பதிப்பு நூலகங்களில் இருக்கிறது, கல்லில் வெட்டியிருப்பது நம் மொழி. ஆயினும் நம் அரசனின் வருஷத்துக்கு நாமே ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறோம் என்பது என்னால் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்று.

பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தபோது, அந்தந்தத் துறை அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர் குழு உட்கார்ந்திருந்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எவ்வளவு பெரிய சாதனை! சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் இரவில், வேலைக்குப் போய் வந்த களைப்போடு பலர் அதைச் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு லட்சத்தையும் கண்காணிக்கும் கண்கள் மிகக் குறைவு. ஆங்கிலத்தில் அத்தனை பேர் இருந்தும் பிச்சோலிம் ஐந்து வருஷம் தப்பித்தது. ஜான் சீகெந்தாலர் என்ற முதிய பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு சம்பந்தப்படுத்திய அவதூறு 2005-ல் நான்கு மாதம் கிடந்தது. தமிழில் நாச வேலை செய்கிறவன், கெட்ட வார்த்தை எழுதினால் ஐந்து நிமிஷத்தில் மீளமைத்துவிடுவார்கள். ஒரு வருஷத்தை மட்டும் மாற்றினால், பிறந்த ஊரை மட்டும் மாற்றினால், யார் பார்ப்பார்கள்? அப்படிப்பட்ட சிறிய, சுத்தமான, அடக்கமான பொய்யைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன்.

ஆகவே, என் வழக்கத்தைச் சொல்கிறேன். தவறு என்று பட்டால் உடனே கட்டுரையில் கை வைப்பதில்லை. உரையாடல் பக்கத்தில், இன்ன வாக்கியம், இன்ன ஆதாரத்துக்கு முரணாக இருக்கிறது, இன்ன தொகுதி, இன்ன பக்கம் என்று எழுதி வைக்கிறேன். ஒரு வாரம் பொறுத்து, மறுப்பு வராவிட்டால் திருத்துகிறேன். மறுப்பு வந்தால் மகிழ்ச்சியோடு வாதம் செய்கிறேன். (ஒரு முறை மதுரைப் பக்கத்துப் பயனர் ஒருவர் எனக்குத் தெரியாத ஒரு பதிப்பைக் காட்டி வழி நடத்தினார், அந்த இரவின் ஆனந்தம் இன்னும் மறக்கவில்லை.) ஆதாரமே கிடைக்காத இடத்தில் 'சான்று தேவை' என்ற குறிப்பை இடுகிறேன். அது கட்டுரைக்குக் களங்கம் என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் குறிப்பைக் காணும் வாசகன் எச்சரிக்கையோடு படிக்கிறான்; அது எடுக்கப்பட்டால் நம்பிப் படிக்கிறான். எனக்கு எச்சரிக்கையோடு படிப்பவனே மேல்.

இப்போது உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீடுகளில், பாட்டனார் பெட்டியில், அந்தமானில் இருந்த உறவினர்கள் அனுப்பிய பழைய தமிழ்ச் சங்க ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளி மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் ஏதேனும் இருந்தால், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விளம்பரப் பக்கம் என்று எதையும் கிழித்துவிட வேண்டாம். அபர்தீன் பஜாரில் எந்தக் கடை எந்த வருஷம் இருந்தது என்பதற்குச் சில வேளை அந்த விளம்பரம் ஒன்றே சாட்சி. படம் எடுத்து அனுப்பும்போது, கட்டுரைப் பக்கத்தோடு, வெளியிட்ட வருஷமும் அச்சகத்தின் பெயரும் உள்ள முதல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். போன மாதம் ஒரு நண்பர் கச்சால் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய அருமையான நான்கு பக்கங்களை அனுப்பினார். அட்டை இல்லை, அச்சகம் இல்லை, வருஷம் இல்லை. அவர் வீட்டுப் பரணில் அந்த மலரின் மீதிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று தேடச் சொல்லியிருக்கிறேன்.